படகுல ஒரு ஓட்டை இருக்கு, மூட மறந்துட்டோம்

(எபிசோடின் ஒலிப்பதிவை வாசிப்பதற்காகச் சுருக்கித் திருத்திய வடிவம்)

இன்னைக்கு ஒரு சின்னப் பொருளைப் பத்திப் பேசப் போறேன். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். கடையில வாங்கினா ஒரு பிரியாணி விலைதான். ஆனா அதை மாட்ட மறந்தா, பல லட்சம் ரூபாய் படகு ஏரிக்குள்ள போயிடும். அதோட பேரு ட்ரெய்ன் ப்ளக். நான் முதல்ல கேட்டப்போ ரயிலுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்னுதான் யோசிச்சேன். ரயில் இல்ல, தண்ணி வடியற ஓட்டையை அடைக்கிற தக்கை.

கோடிங் பத்திப் பேசுற ஆளு எதுக்குப் படகு பத்திப் பேசுறான்னு கேப்பீங்க. கடைசியில அங்கதான் வந்து நிப்பேன். முதல்ல கதை.

மே மாசம், மினியாபோலிஸ்

மூணு வருஷம் முன்னாடி ஒரு ப்ராஜெக்ட்டுக்காக அமெரிக்காவுல மினியாபோலிஸ்ல இருந்தேன். மின்னசோட்டா மாநிலம். நாலு ஹெக்டேருக்கு மேல பெருசா இருக்கற ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 வருதாம். அங்க வார இறுதியில ஏரிக்குப் போறதுங்கறது, நமக்கு பெசன்ட் நகர் பீச்சுக்குப் போற மாதிரி.

எங்க டீம்ல ஒரு சீனியர் ஆர்க்கிடெக்ட். இருபது வருஷமா படகு ஓட்டுறவர். மே கடைசியில ஒரு சனிக்கிழமை, "வா, மினிடோங்கா ஏரிக்குப் போலாம்"னு கூப்பிட்டார். அவரோட ஏழு வயசுப் பொண்ணும் வந்தா. வண்டிக்குப் பின்னாடி ட்ரெய்லர், அது மேல பதினெட்டு அடி ஃபைபர் படகு.

ஏரிக்கரையில தண்ணிக்குள்ள இறங்குற மாதிரி ஒரு சிமென்ட் சரிவு இருக்கும். ட்ரெய்லரை ரிவர்ஸ்ல அதுல இறக்கினா படகு தானா மிதக்கும். அதுக்கு முன்னாடி மேலேயே ஓரமா நிறுத்தி எல்லாத்தையும் தயார் பண்ணணும். கயிறு, பெட்ரோல், லைஃப் ஜாக்கெட், அப்புறம் அந்தத் தக்கை.

அவர் தக்கையைக் கையில எடுத்துட்டு படகோட பின்பக்கம் போறார். சரியா அந்த நேரத்துல நான் கூப்பிட்டேன். "இந்த லைஃப் ஜாக்கெட் பக்கிள் எப்படிப் போடறது?"ன்னு. அவர் திரும்பி வந்து, எனக்கு மாட்டிவிட்டு, பட்டையெல்லாம் இழுத்துச் சரிபார்த்தார். பொண்ணோடதையும் பார்த்தார். அதுக்குள்ள எங்களுக்குப் பின்னாடி மூணு வண்டி வந்து நின்னுடுச்சு. யாரும் ஹாரன் அடிக்கல. ஆனா பின்னாடி ஆள் நிக்கறாங்கன்னு தெரிஞ்சாலே நமக்கு ஒரு அவசரம் வரும் இல்லையா, அது வந்துச்சு. அவர் நேரா போய் வண்டியில ஏறி ட்ரெய்லரை இறக்கிட்டார்.

படகு அழகா மிதந்தது. கரையோரப் பலகைப் பாதையில கயிறு கட்டி, என்னையும் பொண்ணையும் உள்ள உக்கார வச்சுட்டு, அவர் வண்டியை பார்க்கிங்ல விடப் போனார். இடம் தேடி, நிறுத்தி, நடந்து வர எட்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்த எட்டு நிமிஷத்துக்குள்ள அந்தக் குழந்தை என்கிட்ட சொன்னா: "தரை ஈரமா இருக்கு."

நான் பார்த்தேன். பின்பக்கம் கொஞ்சம் தண்ணி. படகுன்னா தண்ணி இருக்கும்தானேன்னு நினைச்சேன். "பரவாயில்ல"ன்னு சொன்னேன். அவர் திரும்பி வந்தப்போ அவர்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. புதுசா வந்தவன், தெரியாம ஏதாவது கேட்டு அசிங்கப்படுவானேன்னு ஒரு கூச்சம்.

கிளம்பி ஒரு இருநூறு மீட்டர் போயிருப்போம். படகு மெதுவா, கனமா நகருது. மூக்கு மேல தூக்கிக்கிச்சு, பின்பக்கம் அமுங்குது. அவர் ஆக்சிலேட்டரைக் குறைச்சார். ஒரு செகண்ட் யோசிச்சார். அப்புறம் கை தானா அவரோட பேன்ட் பாக்கெட்டுக்குப் போச்சு. தக்கை அங்க இருந்தது.

அவர் கத்தல. தண்ணியை வெளிய தள்ளுற பம்பை ஆன் பண்ணார். எங்க ரெண்டு பேரையும் முன்பக்கம் போய் உக்காரச் சொன்னார். மெதுவா கரைக்குத் திருப்பினார். ஆழம் இல்லாத இடம் வந்ததும் இன்ஜினை அணைச்சுட்டு, இடுப்பளவு தண்ணியில இறங்கி, தடவிப் பார்த்து ஓட்டையில தக்கையைத் திருகினார். ஏப்ரல் வரைக்கும் ஐஸா இருந்த ஏரி அது. மேல ஏறினப்போ அவரால பேச முடியல, பல்லு அடிச்சுக்குது. அப்புறம் இருபது நிமிஷம் பம்ப் ஓடிட்டே இருந்துச்சு.

படகுல ஓட்டை எதுக்கு?

நியாயமான கேள்வி. மிதக்கற பொருள்ல வேணும்னே எதுக்கு ஓட்டை போடணும்?

படகுக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி சேரும். அலை தெறிக்கும், மழை பெய்யும், நனைஞ்ச ஆளுங்க ஏறுவாங்க. நாம நிக்கற தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, அதுக்கு பில்ஜ்னு பேரு. தண்ணியெல்லாம் அங்கதான் போய்ச் சேரும். படகைக் கரையில ஏத்தினதும், பின்பக்கச் சுவர்ல அடியில இருக்கற ஓட்டையைத் திறந்தா எல்லாம் வடிஞ்சிடும். வீட்டு வாசல்ல நிறுத்தி வைக்கிறப்பவும் திறந்தே வைப்பாங்க. இல்லேன்னா மழைத்தண்ணி உள்ள தேங்கிடும்.

மின்னசோட்டாவுல இன்னொரு காரணமும் இருக்கு. ஸீப்ரா மஸல்னு நகத்தளவு சிப்பி ஒண்ணு. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து உயிரினம். கப்பல்கள்ல பாரத்துக்காக ஏத்துற தண்ணியோட வட அமெரிக்காவுக்கு வந்துச்சு. 1988-ல அங்க இருக்கற பேரேரிகள் பகுதியில கண்டுபிடிச்சாங்க. 2010-ல மினிடோங்கா ஏரியிலயும். தண்ணிக் குழாய்களுக்குள்ள கொத்துக் கொத்தா வளர்ந்து அடைச்சுக்கும், ஏரியில மத்த உயிர்களோட சாப்பாட்டையும் காலி பண்ணிடும். அதோட குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது. ஒரு படகோட பில்ஜ்ல தேங்கின கொஞ்சம் தண்ணியில ஏறி அடுத்த ஏரிக்குப் போயிடும். அதனால அங்க சட்டமே இருக்கு: படகை ரோட்டுல இழுத்துட்டுப் போறப்போ தக்கை கழட்டித்தான் இருக்கணும்.

இப்போ இதைக் கவனிங்க. மறக்காம கழட்டணும்னு சட்டம் இருக்கு. மறக்காம மாட்டணும்ங்கறது உங்க ஞாபகத்தை நம்பி இருக்கு. கழட்டுறது ஒரு நாள், மாட்டுறது வாரங்கள் கழிச்சு இன்னொரு நாள். குளிர்காலம் நடுவுல வந்தா ஆறு மாசம் கழிச்சு.

ஒரு நிமிஷத்துக்கு ரெண்டு கேன்

இவ்ளோ சின்ன ஓட்டையில என்ன பெருசா வந்துடப் போகுதுன்னு எனக்குத் தோணுச்சு. ரூமுக்கு வந்து கணக்குப் போட்டேன். ப்ளஸ் ஒன் பிசிக்ஸ்ல பெர்னூலி படிச்சோம்ல, அதேதான்.

ஓட்டை ஒரு அங்குல விட்டம்னு வைங்க. நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழ இருக்கு. 2 பெருக்கல் 9.8 பெருக்கல் 0.3, அதுக்கு வர்க்கமூலம் எடுத்தா, தண்ணி உள்ள பாயுற வேகம் செகண்டுக்கு சுமார் 2.4 மீட்டர். ஓட்டையோட விளிம்புல தண்ணி சுருங்கி நுழையறதால, முழுசா வராது, 60 சதவீதம்னு எடுத்துக்கலாம். பரப்பளவால பெருக்கினா நிமிஷத்துக்கு சுமார் 44 லிட்டர்.

44 லிட்டர்னா மனசுல நிக்காது. நம்ம வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேனை நினைச்சுக்கோங்க. நிமிஷத்துக்கு ரெண்டு கேனை யாரோ படகுக்குள்ள கவுத்துட்டே இருக்காங்க. எட்டு நிமிஷத்துல 350 லிட்டர். அதாவது 350 கிலோ. அஞ்சு பெரியவங்க சத்தமில்லாம ஏறிப் பின்சீட்ல உக்காந்த மாதிரி. உள்ள மட்டம் ஏற ஏற வேகம் கொஞ்சம் குறையும், ஆனா கனத்துல பின்பக்கம் அமுங்கறதால ஓட்டையும் இன்னும் ஆழமா போகும்.

பம்ப் இருக்கேன்னு கேக்கலாம். சின்னப் படகுகள்ல வைக்கிற ஒரு பம்ப், மணிக்கு 500 கேலன்னு டப்பாவுல போட்டிருக்கும். அது நிமிஷத்துக்கு சுமார் 31 லிட்டர். டப்பாவுல போட்டிருக்கறதை அப்படியே நம்பினாலும், வர்ற தண்ணிக்கு அது ஈடு கொடுக்காது.

கனம் மட்டும் பிரச்சனை இல்ல. ஒரு சொம்புல தண்ணி எடுத்துட்டு நடங்க, ஒண்ணும் ஆகாது. அதே தண்ணியைப் பெரிய தாம்பாளத்துல ஊத்தி எடுத்துட்டு நடங்க. லேசா சாஞ்சாலும் மொத்தத் தண்ணியும் அந்தப் பக்கம் ஓடும், தட்டு இன்னும் சாயும். படகோட அடியில பரவி நிக்கற தண்ணியும் தாம்பாளத் தண்ணிதான். ஒரு பக்கம் யாராவது சட்டுன்னு எழுந்தா, தண்ணியும் கூட வரும்.

இன்னொரு ஆபத்து. படகு வேகமா போறப்போ அந்த ஓட்டை வழியா தண்ணி வெளிய இழுக்கப்படும். அதனால ஓட்டிட்டே இருந்தா ஒண்ணுமே தெரியாது. நடு ஏரியில மீன் பிடிக்கலாம்னு நிறுத்துவாங்க. அப்போதான் உள்ள வர ஆரம்பிக்கும்.

யாரும் ஒண்ணும் சொல்லலன்னா?

அன்னைக்கு ராத்திரி நான் யோசிச்சது: இருபது வருஷ அனுபவம் இருக்கறவர் எப்படி மறந்தார்?

அவர் கவனக்குறைவானவர் இல்ல. எனக்கும் பொண்ணுக்கும் பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தவர். பிரச்சனை வேற. ஒரு வேலையை நடுவுல விட்டுட்டுத் திரும்பி வர்றப்போ, "செய்யப் போனோம்"ங்கறதும் "செஞ்சுட்டோம்"ங்கறதும் மூளைக்கு ஒரே மாதிரி தெரியும். தக்கையைக் கையில எடுத்தது ஞாபகம் இருக்கு, பின்பக்கம் நடந்தது ஞாபகம் இருக்கு. மீதியை மூளையே நிரப்பிக்கும். நூறு தடவை மாட்டின பழக்கம் இருக்கறதால, அந்த நூறுல ஒண்ணை எடுத்து இன்னைக்கு மாட்டின மாதிரி காட்டிடும். அனுபவம் கூடக் கூட இது இன்னும் மோசமாகுது.

அது மட்டும் இல்ல. ஓட்டை கத்தாது. திறந்திருந்தா ஒரு லைட் எரியாது, மணி அடிக்காது. கீழ, பின்னாடி, கண்ணுக்குத் தெரியாத இடத்துல இருக்கு. தப்பு நடந்துட்டு இருக்கறப்பவும் எல்லாம் சரியா இருக்கற மாதிரியே இருக்கும்.

இதே தப்பு ரொம்பப் பெரிய அளவுல ஒரு தடவை நடந்திருக்கு. 1987 மார்ச் 6, பெல்ஜியத்தோட ஸீபுரூக் துறைமுகம். ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்னு ஒரு கப்பல். கார், லாரியெல்லாம் நேரா உள்ள ஓட்டிட்டுப் போற வகை, அதனால முன்பக்கம் பெரிய கதவு. அன்னைக்கு சாயங்காலம் இங்கிலாந்தோட டோவருக்குக் கிளம்புச்சு, அந்தக் கதவு திறந்தபடியே. மூட வேண்டிய ஊழியர் அவரோட கேபின்ல தூங்கிட்டு இருந்தார். மேற்பார்வை பண்ண வேண்டிய அதிகாரி, அவர் வந்துட்டார்னு நினைச்சுட்டு வேற வேலைக்குப் போயிட்டார். கேப்டன் நிக்கற இடத்துல இருந்து கதவு தெரியாது. திறந்திருக்கா மூடியிருக்கான்னு காட்டுற விளக்கும் கிடையாது. துறைமுகத்தைத் தாண்டி வேகம் எடுத்ததும் அலை வண்டித்தளத்துக்குள்ள ஏறுச்சு. தாம்பாளத் தண்ணி கதைதான். ரெண்டு நிமிஷம் கூட ஆகல, கப்பல் சாஞ்சிடுச்சு. 193 பேர் இறந்து போனாங்க.

விசாரணையில வெளிவந்த ஒரு விஷயம்தான் என்னை உலுக்குச்சு. அந்தக் கப்பல்ல நடைமுறை இதுதான்: ஏதாவது பிரச்சனைன்னா மட்டும் கேப்டனுக்குச் சொல்லுங்க. யாரும் ஒண்ணும் சொல்லலன்னா எல்லாம் தயார்னு அர்த்தம். கதவுக்கு ஒரு விளக்கு வைங்கன்னு அந்தக் கம்பெனியோட கேப்டன்கள் முன்னாடியே கேட்டிருக்காங்க, வைக்கல. 1983-லயே அவங்களோட இன்னொரு கப்பல் இதே மாதிரி, ஊழியர் தூங்கினதால, கதவு திறந்தபடி கிளம்பியிருக்கு. அப்போ ஒண்ணும் ஆகல, அதனால ஒண்ணும் மாறல. 193 உயிருக்கு அப்புறம்தான் சர்வதேச விதிகள்ல அந்த விளக்கு கட்டாயமாச்சு.

தூங்கினவர் மேல கோபம் வர்றது இயல்பு. ஆனா ஒருத்தர் தூங்கினா கப்பல் கவிழும்னா, தப்பு அந்த ஒருத்தர்கிட்ட மட்டும் இல்ல.

ஞாபகத்தை நம்பாம எப்படி?

அடுத்த தடவை அதே ஆர்க்கிடெக்ட்டோட போனப்போ, "இனிமே கவனமா இருக்கேன்"னு அவர் சொல்லல. மூணு மாத்தம் பண்ணியிருந்தார்.

ஒண்ணு, தக்கையையும் இன்ஜின் சாவியையும் ஒரே வளையத்துல கோத்து வச்சிருந்தார். தக்கையை மாட்டினாத்தான் வளையத்துல இருந்து சாவி கைக்கு வரும். ஞாபகம் தேவையே இல்ல, மாட்டாம இன்ஜினை ஸ்டார்ட் பண்ண முடியாது.

ரெண்டு, நடுவுல யாராவது கூப்பிட்டா, விட்ட இடத்துல இருந்து தொடர்றது இல்ல. முதல்ல இருந்து ஆரம்பிப்பார். ஒவ்வொண்ணையும் கையால தொட்டு, வாய்விட்டுச் சொல்லுவார். ஜப்பான் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலை விரல்ல காட்டிச் சத்தமா சொல்றதை வீடியோவுல பார்த்திருப்பீங்க, அந்த மாதிரி.

மூணு, படகு மிதந்ததும் ட்ரெய்லரை உடனே எடுத்துட்டுப் போறது இல்ல. ஒரு நிமிஷம் பில்ஜை எட்டிப் பார்ப்பார். தண்ணி ஏறலன்னாத்தான் அடுத்தது. பெட்டியில எக்ஸ்ட்ரா தக்கை ஒண்ணும் இருக்கும்.

அப்படியும் மறந்தா என்ன பண்ணணும்னும் சொல்லித் தந்தார். முதல்ல எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கணும். பம்பை ஆன் பண்ணிட்டு, ஆழமில்லாத கரைக்குத் திரும்பணும். யாராவது தண்ணியில இறங்கறதா இருந்தா இன்ஜினை அணைச்சிடணும், விசிறி பக்கத்துலதான் இருக்கு. ஒருவேளை படகு நிரம்பிட்டா, கரைக்கு நீந்தப் பார்க்காம படகைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். அமெரிக்காவுல இருபது அடிக்குக் குறைவான இந்த மாதிரி படகுகளை, நிரம்பினாலும் மிதக்கற மாதிரி கட்டணும்னு விதி இருக்கு. தேடி வர்றவங்களுக்கும் தலையை விட படகுதான் சீக்கிரம் கண்ணுல படும்.

சாவியோட கோக்கறதை விட ஒரு படி மேல நம்ம கட்டுமரம். மரங்களைச் சேர்த்துக் கட்டினது, அதுல "உள்ள"ன்னு ஒரு இடமே கிடையாது. அலை மேல ஏறினா இடுக்கு வழியா தானா இறங்கிடும். மறக்கறதுக்குத் தக்கையே இல்ல.

என்னோட தக்கை

இப்போ என் கதை. சென்னைக்குத் திரும்பி ஒரு வருஷம் கழிச்சு. ஒரு ராத்திரி சர்வர்ல பராமரிப்பு வேலை. வேலை நடக்கறப்போ தேவையில்லாம அலர்ட் அடிச்சுட்டே இருக்கும்னு, அலர்ட்டை மியூட் பண்ணேன். வேலை முடிஞ்சது. நடுவுல ஒரு போன் வந்துச்சு, பேசினேன், லேப்டாப்பை மூடிட்டுத் தூங்கிட்டேன்.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ப்ராசஸ் செத்துப் போச்சு. காலையில ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர் போன் பண்ணித்தான் எங்களுக்குத் தெரியும். ஏழு மணி நேரம். என் போன்ல ஒரு அலர்ட் கூட இல்ல. நான் அதைப் பார்த்து எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சு நிம்மதியா தூங்கியிருக்கேன்.

கழட்டினது நான். மாட்ட மறந்ததும் நான். ஆனா அன்னைக்கு மீட்டிங்ல "இனிமே கவனமா இருக்கேன்"னு நான் சொல்லல. ரெண்டு மாத்தம் கேட்டேன். மியூட் பண்ணா ரெண்டு மணி நேரத்துல தானா போயிடணும். அப்புறம், ஒவ்வொரு ப்ராசஸும் "நான் உயிரோட இருக்கேன்"னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லணும், சொல்லலன்னா அலர்ட் அடிக்கணும். அதாவது, அமைதியா இருந்தா நல்லதுன்னு எடுத்துக்கக் கூடாது. அமைதியையே பிரச்சனையா எடுத்துக்கணும்.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு அருமையான சிஸ்டம் ஏற்கனவே இருக்கு. சைடு ஸ்டாண்டை எடுக்காம வண்டியை எடுத்துப் பாருங்க. சிக்னல் தாண்டறதுக்குள்ள முன்னப்பின்ன தெரியாத நாலு பேர் "அண்ணா, ஸ்டாண்டு! ஸ்டாண்டு!"ன்னு கையை ஆட்டுவாங்க. இப்போ புது வண்டிகள் பலதுலயும் ஸ்டாண்டு போட்டிருந்தா இன்ஜினே அணைஞ்சிடுது, சாவி வளையம் மாதிரி. ஆனா அதுக்கு முன்னாடி எத்தனையோ வருஷமா நம்மளைக் காப்பாத்தினது, கூச்சமே படாம கத்தின அந்த ஆளுங்கதான்.

அந்தப் படகுல அப்படிக் கத்தினது ஒரே ஒருத்தி. ஏழு வயசு. "தரை ஈரமா இருக்கு"ன்னு சொன்னா. பார்த்ததை அப்படியே சொன்னா, அவ்வளவுதான். பி.இ. படிச்ச நான் "பரவாயில்ல"ன்னுட்டேன்.

அதனால, வேலைக்குப் புதுசா சேர்ந்து இதைக் கேட்டுட்டு இருக்கறவங்களுக்கு ஒரே ஒரு விஷயம். ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா சொல்லிடுங்க. பத்துல ஒன்பது தடவை "அது அப்படித்தான்பா இருக்கும்"னு பதில் வரும். வரட்டும். சீனியரா இருக்கறவங்க, அந்த ஒன்பது தடவையும் சிரிக்காம பதில் சொல்லுங்க. பத்தாவது தடவை அவங்க வாயைத் திறக்கறது அதுலதான் இருக்கு.

உங்களோட "தக்கை" கதை ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன். வெளிய கிளம்பறீங்கன்னா, ஸ்டாண்டை எடுத்துட்டீங்களான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க.